எறும்பு மொய்க்காத பிஸ்கட்

"யம்மா, அங்கயே நில்லு. கிட்ட போவாத. மூக்குல ஏறிச்சின்னா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது."

ஷெட் மேஸ்திரி சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் ஒரு தகர ஷெட். உள்ளே இரண்டு குவியலாக அட்டைப்பெட்டிகள். கையில் நோட்டுப் புத்தகத்தோடு நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எனக்கு அப்போது இருபது வயது. எண்ணூரில் அனல் மின் நிலையத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்த காலம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ராயபுரத்தில் சின்னம்மா வீட்டில் இருந்தேன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு, துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். கப்பலில் வரும் சரக்கை உரியவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அந்த ஆபீசின் வேலை. அந்தச் சரக்கில் ஒரு பகுதி தர்மச் சரக்கு. வெளிநாட்டிலிருந்து அனாதை இல்லங்களுக்கு வரும் பால் பவுடர், கோதுமை, எண்ணெய். அந்த முறை வழக்கத்துக்கு மாறாக பிஸ்கட் வந்திருந்தது.

கப்பலின் இரண்டாம் அறையில் வந்த பெட்டிகளின் மேல் 2 என்றும், நான்காம் அறையில் வந்தவற்றின் மேல் 4 என்றும் கறுப்பு மையில் அச்சு இருந்தது. நான்காம் அறையில் பிஸ்கட்டுக்குப் பக்கத்திலேயே பூச்சிமருந்துப் பீப்பாய்களையும் அடுக்கியிருக்கிறார்கள். வழியில் கடல் கொந்தளித்து, பீப்பாய்கள் உருண்டு உடைந்து, பவுடர் பெட்டிகள் மேலெல்லாம் கொட்டிவிட்டது. அதைப் பார்த்துச் சொல்லத்தான் சுகாதார அதிகாரி வந்திருந்தார். எங்கள் ஹெட் கிளார்க் அவருக்குத் துணை. அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள நான்.

நான்காம் நம்பர் குவியலிலிருந்து வந்த வாடை வாசல்வரை அடித்தது. பூண்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து அழுகவிட்டது போல ஒரு வாடை. இரண்டாம் நம்பர் பெட்டி ஒன்றை மேஸ்திரி பிரித்தார். சிவப்பு மெழுகுத்தாள் பொட்டலங்கள். மேலே ஒரு பிஸ்கட்டின் படம்; அதில் அங்கங்கே கறுப்புக் கறுப்பாக ஏதோ பதிந்திருந்தது.

"இது அந்த ஊர்ல ரொம்பப் பேர்போன பிஸ்கட்டும்மா. நம்ம பொட்டிக்கடை மாதிரி இருக்கிற கடையில கூட வச்சிருப்பானாம். அந்தக் கறுப்பெல்லாம் சாக்லேட்" என்றார் ஹெட் கிளார்க்.

அதிகாரி ஒரு பொட்டலத்தைக் கிழித்து ஒரு பிஸ்கட்டை முகர்ந்து பார்த்தார். வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த மணம் என் வரைக்கும் வந்தது. எனக்கு ஒன்று வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை.

"நாலு மொத்தமும் எரிச்சிடுங்க. ரெண்டுல ஒண்ணும் பழுதில்ல, அனுப்பிடலாம்" என்றார் அதிகாரி. அதைத்தான் நான் நோட்டில் எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன். அந்த நோட்டை அப்புறம் எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு கடிதங்கள் டைப் அடித்தேன். ஒன்று எரிப்பதற்கு, ஒன்று அனுப்புவதற்கு. பூச்சிமருந்தின் பெயர் நீளமானது. ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தேன். அந்தப் பெயரில் ஒரு தப்பு வரவில்லை. ஐந்து மணி ஆகிவிட்டது, ஹெட் கிளார்க் குடையும் பையுமாகப் பக்கத்தில் நின்றார். "முடிஞ்சுதாம்மா?" என்றார். "முடிஞ்சுது சார்" என்று கொடுத்தேன். அவரும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்ட அதிகாரியும் படிக்கவில்லை.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். இரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் சின்னம்மாவின் மூன்று பெண்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சிவப்பு மெழுகுத்தாள் கிழிந்து கிடந்தது. எல்லோர் வாயோரத்திலும் கறுப்பு.

"இன்னாடி இது, மாவுல எலிப் புழுக்க வுழுந்தா மாதிரி கீது! வாயில வெச்சா அப்டியே கரையுது" என்று சின்னம்மா ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"எங்கேருந்து வந்தது?"

"உங்க சித்தப்பா கொண்டாந்தாரு."

சித்தப்பா துறைமுகத்தில் சுமை தூக்குபவர். பின்கட்டில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "குப்ப மேட்டுல கொளுத்தச் சொல்லி லாரில ஏத்துனாங்க பாப்பா. கடத்தண்ணி பட்ட சரக்குன்னாங்க. நல்லாத்தான கீது, நெருப்புல போட மனசு வரல. ஒரு பொட்டிய தூக்கினு வந்துட்டேன்."

எரிக்க அனுப்பிய பெட்டி. கையிலிருந்த பிஸ்கட்டை வீசிவிட்டு, "அது விஷம் சித்தப்பா, பூச்சிமருந்து கொட்டினது" என்று கத்தினேன். சின்னம்மா "மாதாவே" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். உப்பைக் கரைத்துக் கரைத்து ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து வாயில் ஊற்றினோம். கடைசிப் பெண்ணுக்கு நான்கு வயது. தொண்டையில் விரலை விட்டதும் என் விரலைக் கடித்துக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வாசலில் நின்று ஓலமிட்டார்கள். சித்தப்பா சுவரோடு சாய்ந்து, ஈரத் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையின் கண்ணையும் விலக்கிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே. சாயங்காலம் வரைக்கும் கவனிச்சுக்குங்க. எச்சில் ஒழுகினா, உடம்பு வெட்டினா, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காத்திருந்தோம். பிள்ளைகள் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தார்கள். ஐந்து மணிக்கு நடுப்பெண் பசிக்கிறது என்றாள். கோயில் மணி அடிக்கும்போது எல்லோரும் தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா மெழுகுவர்த்தி கொளுத்தி முழங்காலிட்டு அழுதாள். "கர்த்தர் காப்பாத்திட்டாரு" என்று சித்தப்பா என் தலையில் கை வைத்தார். நானும் அழுதேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோழியை அடைத்திருந்த இடத்துக்குப் போனேன். காற்று புகாமல் சின்னம்மா ஓர் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தாள். சித்தப்பா கொண்டு வந்த பெட்டியின் ஒரு பக்கம். அதில் 2 என்று இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து அட்டையை முகர்ந்தேன். வெண்ணெய் மணம். சாக்லேட் மணம். வேறு வாடை துளியும் இல்லை. பிள்ளைகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நல்ல பெட்டிகளை எரித்துவிட்டார்கள். அப்படியென்றால் நான்காம் நம்பர் பெட்டிகள் எங்கே?

உள்ளே ஓடி நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாலு எரிக்க, ரெண்டு அனுப்ப. நோட்டில் சரியாக இருந்தது. நோட்டுக்கும் அந்த அட்டைக்கும் நடுவில் இருந்தது என் கை ஒன்றுதான்.

"சித்தப்பா, எந்திரிங்க. எண்ணூருக்குப் போகணும்."

"இன்னாத்துக்கு? இன்னா ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை ஒரு லாரி போச்சு. பொம்பளப் பிள்ளைங்க இல்லத்துக்கு. அதுலதான் விஷம் போயிருக்கு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே என் பின்னால் ஓடி வந்தார். அந்த இல்லத்தில் டெலிபோன் கிடையாது. கும்மிடிப்பூண்டி போகும் பாசஞ்சரைப் பிடித்தோம். தண்டையார்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் வண்டி வெகுநேரம் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண் குழந்தைக்கு முறுக்கை உடைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது தொழிற்சாலைப் புகை ஜன்னல் வழியாக வந்து கண்ணை எரித்தது.

"பெரியவங்க மூக்குக்குத் தெரியாமயா பூடும்? அந்த நாத்தம் அடிக்கிறத எந்த சிஸ்டரும் புள்ளைங்களுக்குக் குடுக்க மாட்டாங்க" என்றார் சித்தப்பா. அதை ரயில் போய்ச் சேரும்வரை மூன்று தரம் சொன்னார்.

இல்லம் கத்திவாக்கம் தாண்டி, சவுக்குத் தோப்பு ஓரத்தில் இருந்தது. கேட்டைத் திறந்ததும் முற்றம். முற்றம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. பாய்களின் மேல் பிஸ்கட்.

நூற்றுக்கணக்கில், ஒன்றின் மேல் ஒன்று படாமல், அப்பளம் காயவைப்பது போல வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வெயிலில் சாக்லேட் உருகி ஒவ்வொரு பிஸ்கட்டிலும் கறுப்புக் கண்கள் வழிந்திருந்தன. மதில் மேல் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. பாய் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். அவ்வளவு இனிப்பு கொட்டிக் கிடந்தும் ஓர் எறும்பு இல்லை.

தலைமை சிஸ்டர் வெளியே வந்தார். வயதானவர். "வாங்க, யாரு?" என்றவர் என் பார்வையைப் பார்த்துவிட்டு, "பெட்டியில என்னவோ வாடை அடிச்சுது. கப்பல்ல வந்ததாச்சே, புழுங்கிப் போயிருக்கும்னு வெயில்ல போட்டிருக்கோம். நாலு மணிக்கு டீயோட குடுக்கலாம்னு" என்றார்.

அவருக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பெண்கள் நீலப் பாவாடையில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது சாப்பிட்டாங்களா சிஸ்டர்?"

"இல்லையே. ஏன்?"

சொன்னேன். என்ன வார்த்தைகளில் சொன்னேன் என்று நினைவில்லை. சிஸ்டர் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் உள்ள போங்க" என்று பெண்களைப் பார்த்துக் கத்தினார். பிறகு ஒவ்வொருத்தியாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். யாரும் தொட்டிருக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் கேட்காமல் எதையும் எடுக்க மாட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் ஒரு சின்னப் பெண், "சிஸ்டர், சமையக்கார அக்கா மடியில கட்டினு போனாங்க" என்றாள்.

சமையல்காரப் பெண் நெட்டுக்குப்பத்துக்காரி. பாய் விரித்து பிஸ்கட்டை அடுக்கியதே அவள்தான். மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் சித்தப்பாவும் மணலில் ஓடினோம். கழிமுகத்தை ஒட்டி ஓலைக் குடிசைகள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் கை காட்டினார். குடிசை வாசலில் ஒரு காகிதம் விரித்துக் கிடந்தது. அதில் நான்கு பிஸ்கட் மிச்சம் இருந்தது.

உள்ளே அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயிலிருந்து நுரை ஒழுகிப் பாயை நனைத்திருந்தது. தோளும் தொடையும் தனியாகத் துடித்தன, தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வது போல. சித்தப்பா அவள் கண் இமையை விலக்கினார். கண்மணி குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது.

"உசுரு கீது. தூக்கு, தூக்கு" என்றார் சித்தப்பா.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மின் நிலையத்துக்குச் சிமெண்ட் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியை நடுரோட்டில் நின்று மறித்தேன். சிமெண்ட் தூசிக்கு நடுவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிவரை வந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் மூச்சு நின்று நின்று வந்தது.

டூட்டி டாக்டர் இளைஞர். "என்ன சாப்பிட்டாங்க?" என்றார். அந்த நீளப் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, நர்ஸிடம் ஓர் ஊசியின் பெயரைச் சொன்னார். விடியும்வரை அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். மறுநாள் காலையில் அவர் என்னிடம், "நீங்க மருந்து பேரைச் சொன்னதாலதான் பிழைச்சாங்க. இல்லைன்னா என்னன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிருப்பாங்க" என்றார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் ஹெட் கிளார்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபைலைத் திறந்து கார்பன் காப்பிகளைப் படித்தார். எரிக்க வேண்டிய கடிதத்தில் 2. அனுப்ப வேண்டியதில் 4. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"நம்பர் மாறினது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"உக்காரு. ரெண்டையும் சரியா அடி. அதே தேதி போடு."

உட்கார்ந்தேன். அடித்தேன். என் விரல்கள் நடுங்காமல் ஒழுங்காக வேலை செய்தன. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. புதுக் கடிதங்களில் அதிகாரியின் கையெழுத்தை அவரே போய் வாங்கி, ஷெட் ஃபைலில் வைத்துவிட்டு, அங்கிருந்த பழையவற்றை எடுத்து வந்தார். பழையவற்றைக் குப்பைத் தகரத்தில் போட்டுத் தீக்குச்சி கிழித்தார். "நீ ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கே. அதோட விடு" என்றார்.

விசாரணை நடந்தது. கடிதம் சரியாக இருக்கிறது, ஷெட்டில்தான் குவியலை மாற்றி ஏற்றிவிட்டார்கள் என்று முடிவானது. மேஸ்திரியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என்னைக் கிட்டே போகாதே என்று தடுத்த அதே மேஸ்திரி.

மூன்று வாரம் நான் பேசாமல் இருந்தேன். ஆபீசில் யாராவது பின்னால் வந்து நின்றால் தூக்கிவாரிப் போடும். கடைசியில் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"அந்த மேஸ்திரி வூடு சடையங்குப்பத்துல கீது. வா, இட்டுனு போறேன்" என்றார்.

மழை விட்டிருந்தது. சடையங்குப்பத்தில் கணுக்கால் தண்ணீரில் நடந்து போனோம். மேஸ்திரி வீட்டுக்குள்ளும் தண்ணீர். செங்கல் அடுக்கி அதன் மேல் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நான் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார் அவர்.

"எப்படி?"

"எனுக்கு எழுத்து தெரியாது, நம்பரு தெரியும். லெட்டர்ல நாலுன்னு போட்டுருந்திச்சி. நாலத்தான் ஏத்தி வுட்டேன். நாத்தம் கொடலப் புடுங்குது. இதயா கொழந்தைங்களுக்கு அனுப்புறாங்கன்னு நெனச்சேன். கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்திச்சி. ஆபீசர் கையெழுத்து கீதே, நமக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன். விசாரணையில லெட்டர்ல நாலுன்னு இருந்திச்சின்னேன், வேற லெட்டரக் காட்டுனாங்க." அவர் தண்ணீரில் மிதந்து வந்த ஒரு செருப்பைக் காலால் ஒதுக்கினார். "ஒரு வார்த்த கேட்டுருந்தா அந்தப் பொம்பள வுழுந்திருக்க மாட்டா. அத்த நெனச்சா எனுக்கும் தூக்கம் இல்ல."

அவர் மனைவிக்கு அந்தப் பொறுமை இல்லை. "எழுதிக் குடுப்பியா? கையெழுத்து போட்டு?" என்றாள்.

அங்கேயே, கட்டில் மேல் காகிதத்தை வைத்து எழுதிக் கொடுத்தேன்.

யூனியன்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைக்க மழைக்காலம் போய்க் கோடை வந்துவிட்டது. வேறு ஷெட், மேஸ்திரி பதவி இல்லை, சாதாரணக் கூலி. ஹெட் கிளார்க்கை வேறு துறைமுகத்துக்கு மாற்றினார்கள். என்னை நீக்கினார்கள். பிறகு வண்ணாரப்பேட்டையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கப் போனேன். பிள்ளைகள் அடித்த தாளை நான் மூன்று முறை படிப்பேன். கிறுக்கு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சமையல்காரப் பெண் உயிரோடு திரும்பினாள், ஆனால் வலது கை திரும்பவில்லை. விரல்கள் ஓயாமல் ஆடும். இல்லத்து வேலை போயிற்று. மீன் அரியக் கத்தி பிடிக்க முடியாது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு விற்கப் போவாள். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, நான் எவ்வளவு தடுத்தாலும் கேட்காமல், ஒரு கை நிறைய மீனை அள்ளி வைப்பாள். அள்ளும்போதே இரண்டு மூன்று நழுவி மண்ணில் விழும்.

"உனுக்கு நூறு வயசும்மா. நீ மட்டும் வரலன்னா என்னிய அன்னிக்கே பொதச்சிருப்பாங்க."

மேஸ்திரியிடம் சொன்னதை இவளிடம் சொல்ல ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பேன். சின்னம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் மீனை வைத்துவிட்டு அவள் உடனே கிளம்பவில்லை. ஆடுகிற கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, நீ ஆபீஸ்ல இருந்தவ. அந்தப் பொட்டிய எங்க இல்லத்துக்கு அனுப்பி வெச்சது யாருன்னு உனுக்குத் தெரியாமயா இருக்கும்? தெரிஞ்சா சொல்லு. அவன் கையும் இந்த மாதிரி வெளங்காம போவணும்னு தெனமும் கடலாண்ட நின்னு வேண்டிகினு கீறேன்."

என் கை மீன் தட்டின் மேல் இருந்தது.

"தெரியல" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தாள்.